சாமி மேடையில் வெளுத்த சங்குப்பூ

இந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு மாணவி தன் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான்கே பக்கம். சங்குப்பூச் சாயத்தில் சூரிய மின்கலம் செய்வது. முதல் பத்தியின் கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ‘இவ்வகை மின்கலங்கள் உட்புறப் பகுதி மக்களுக்கு மலிவான மின்சாரம் கிடைக்க உதவும்.’ 2011இல் நான் எழுதிய முதுகலை ஆய்வேட்டிலும் இதே வாக்கியம் இருக்கிறது. அவளுடையது மலாயில், என்னுடையது ஆங்கிலத்தில். மற்றபடி சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். அவள் என்னைப் பார்த்து எழுதவில்லை. நான் யாரைப் பார்த்து எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை. எங்கள் துறையில் அந்த வாக்கியம் கல்யாணப் பத்திரிகையில் வரும் ‘நிகழும் மங்களகரமான’ மாதிரி. யாரும் யோசித்து எழுதுவதில்லை, ஆனால் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும்.

அடித்துவிடு என்று ஓரத்தில் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். முடியவில்லை. அப்படியே விட்டுக் கையெழுத்துப் போடவும் மனம் வரவில்லை. மூன்று வாரம் அந்தத் தாள்கள் என் பையிலேயே கிடந்தன. கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்கு அம்மாவைப் பார்க்கப் போனபோதும் கூடவே வந்தன. அந்த வாக்கியத்தில் வருகிற ‘மக்கள்’ யார் என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அம்மாதான்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் விளக்கு என்றால் இஞ்சின் ரூம். சாயங்காலம் 6.30க்கு டீசல் இஞ்சின் தட்டுத் தடுமாறி எழும்பும். லயத்து வீடு ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பல்பு. 10 மணி நெருங்கும்போது வெளிச்சம் ஒரு தடவை மங்கி மீளும். அணைக்கப்போகிறேன் என்று இஞ்சின் டிரைவர் கொடுக்கும் சைகை அது. அதற்குள் பாயை விரித்துவிட வேண்டும். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்களுக்கு உண்மையில் வெளிச்சம் தேவைப்பட்டது விடியற்காலை நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் இஞ்சின் தூங்கும். அம்மா மண்ணெண்ணெய் விளக்கில் சோறு கட்டி, மண்ணெண்ணெய் விளக்கில் எனக்குத் தலை சீவிவிட்டு, பெரட்டுக்கு, காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடுவார். ஏழு வயதில் யாராவது என்னிடம் மலிவான மின்சாரம் பற்றிப் பேசியிருந்தால், நாலு மணிக்கு வருமா என்றுதான் கேட்டிருப்பேன். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வெளியிலிருந்து மின்கம்பி வந்தது. அப்புறம் சில வருடங்களில் தோட்டமே இல்லாமல் போனது. பால்மரம் செம்பனையாகி, செம்பனை தாமான் என்கிற குடியிருப்பாகி, நாங்களும் அதே மண்ணில் கட்டிய மலிவு விலை வரிசை வீடு ஒன்றில் குடியேறினோம்.

ஆக, தீபகற்ப மலேசியாவில் ‘மின்சாரம் இல்லாத உட்புற மக்கள்’ என்று நானும் என் மாணவியும் எழுதும்போது அவர்கள் ஏறக்குறைய யாருமில்லை. சபா, சரவாக்கின் உட்பகுதிகளில் இருக்கிறார்கள். சரவாக்கில் நீள வீடுகளுக்கு அரசாங்கம் ‘சாரேஸ்’ திட்டத்தில் சூரிய மின்சாரம் கொண்டுபோயிருக்கிறது. எல்லாரும் கூரையில் போடுகிற அதே சாதாரண சிலிக்கான் தகடும் பேட்டரியும்தான். சங்குப்பூ இல்லை.

அரை விழுக்காடு

சங்குப்பூ எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1991இல் சுவிட்சர்லாந்தின் லூசானில் பிரையன் ஓ’ரீகனும் மைக்கேல் கிரெட்சலும் ஒரு புது வகை மின்கலத்தை வெளியிட்டார்கள். சிலிக்கான் கிடையாது. டைட்டானியம் டையாக்சைடு, அதாவது சுவர்ப் பெயிண்டையும் பற்பசையையும் வெள்ளையாக்குகிற அதே பொடி, அதை மிக நுண்ணிய துகளாக்கிக் கண்ணாடியில் பூசி, மேலே ஒரு சாயம் ஏற்றினார்கள். சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை வெள்ளைப் பொடிக்குத் தள்ளிவிடும். இழந்ததை அயோடின் கலந்த ஒரு திரவம் திருப்பிக் கொடுக்கும். 7 விழுக்காட்டுக்கு மேல் திறன் கிடைத்தது. அவர்கள் பயன்படுத்தியது ருத்தேனியம் உலோகச் சாயம், விலை அதிகம். அப்படியானால் தோட்டத்துப் பூவில் சாயம் எடுத்தால் என்ன என்று உலகமெங்கும் வெப்ப நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தோன்றியது. மங்குஸ்தான் தோல், டிராகன் பழம், செம்பருத்தி, கருப்பரிசி என்று எதையும் விடவில்லை. கடைசியில் நான் போய்ச் சேரும்போது சங்குப்பூ மிச்சமிருந்தது. அதுவும் முழுசாக மிச்சமில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பூ அம்மாவின் வேலியிலிருந்து. பஸ் ஏறும்போதெல்லாம் ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பறித்துக்கொண்டு போவேன். இதழை ஆல்கஹாலில் ஊறவைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகும். வெள்ளைப் பசையைக் கண்ணாடியில் தடவி 450 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு, ஆறவிட்டு, ஓர் இரவு முழுவதும் சாயத்தில் போட்டு வைக்க வேண்டும். காலையில் எடுத்து, பிளாட்டினம் பூசிய இன்னொரு கண்ணாடியோடு முகத்துக்கு முகம் சேர்த்து, தாள் கிளிப் இரண்டைப் போட்டு, நடுவில் அயோடின் திரவத்தைச் சொட்டினால் முடிந்தது. உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த ‘உடனே’தான் இந்தக் கட்டுரையே. அடுத்த அறையில் செனான் விளக்கு இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட், 25 டிகிரி வெப்பம் என்ற அனைத்துலகக் கணக்கில் அது வெயிலைப் போல எரியும். மின்கலம் கூட்டிய பத்து நிமிடத்துக்குள் அளந்துவிடுவோம். ஏன் பத்து நிமிடம் என்று நானும் கேட்கவில்லை, எனக்குக் கற்றுத் தந்த அண்ணனும் சொல்லவில்லை. அப்பம் ஆறுவதற்குள் சாப்பிடுவது போல ஒரு பழக்கம்.

எனக்குக் கிடைத்தது 0.5 விழுக்காடு. இந்த வகைக்கு அது மோசமில்லை. பெரும்பாலான பூச்சாயங்கள் 1 விழுக்காட்டுக்குக் கீழேதான் நின்றன. பெருமையோடு ஒரு மின்கலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல லைட்டு எரியுமா?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒரு சதுர சென்டிமீட்டர் செல், உச்சி வெயிலில் அரை மில்லிவாட். 9 வாட் பல்பு ஒன்றுக்கு 18,000 செல் வேண்டும். பக்கம் பக்கமாக அடுக்கினால் நம் வாசல் கதவளவு வரும். அதே கதவளவுக்கு 20 விழுக்காட்டுச் சிலிக்கான் தகடு வைத்தால் 40 பல்பு எரியும். விழுக்காடு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். தேவைப்படவில்லை. அம்மா முப்பது வருடம் பாலை நிறுத்துப் போட்டவர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, இதில் இவ்வளவுதான் காய்ந்த ரப்பர் என்று எழுதுவதைத் தினமும் சந்தேகத்தோடு பார்த்தவர். நூறு பங்கு பாலில் முப்பது பங்கு ரப்பர் தேறும், அதற்குத்தான் கூலி.

“அப்ப உன் பால்ல நூத்துக்கு அரைதான் ரப்பர்,” என்றார். “கிராணி வாளியைத் தொடவே மாட்டான்.”

இருவரும் சிரித்தோம். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது அந்தச் செல்லை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

எப்ப?

அடுத்து நான் வீட்டுக்குப் போனது தீபாவளிக்கு. மூன்று வாரம் ஆகியிருக்கும். முன்னறைச் சாமி மேடையில், விபூதிக் கிண்ணத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் என் செல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை வெயில் நேரே அதில் விழும். ‘சோலார்தானே, வெயில் பட்டாத்தானே நல்லது’ என்று யோசித்து வைத்த இடம். கிளிப்பின் மேல் அன்று பறித்த சங்குப்பூ ஒன்று. பூவுக்குக் கீழே கண்ணாடி வெளுத்திருந்தது. நான் கொடுக்கும்போது இருந்த ஊதா எங்கும் இல்லை. வெந்தய நிறத்தில் ஒரு கறை, ஓரத்தில் உலர்ந்த கோடு. பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். 0.03 வோல்ட். அதுகூட என் கை நடுக்கமாக இருந்திருக்கலாம்.

“சார்ஜ் இறங்கிருச்சா?”

“செத்துருச்சும்மா.”

“எப்ப?”

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். கோழி செத்தாலும் அப்படித்தான் கேட்பார். எனக்குப் பதில் இல்லை. என் ஆய்வேட்டில் அப்போது 90 பக்கம் எழுதி முடித்திருந்தேன். சாயம் எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்பது இருந்தது. அமிலத்தன்மை கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பது இருந்தது. பூச்சின் தடிமன், துகளின் அளவு, எட்டு வண்ண வரைபடங்கள். எப்போது சாகும் என்பது இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசிப் பக்கத்தில் ‘நிலைத்தன்மை எதிர்கால ஆய்வில் பார்க்கப்படும்’ என்று ஒரு வரி. அந்த எதிர்காலத்தை நான் பார்க்கவில்லை. நேர்முகத் தேர்வில் இரண்டு பரிசோதகர்களும் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் வரைபடத்தின் எழுத்தளவைப் பெரிதாக்கச் சொன்னார்.

ஏன் செத்தது என்பதற்கு அறிவியல் தெளிவான விடை வைத்திருக்கிறது. கிளிப் மட்டும் போட்ட செல்லில் திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது போகட்டும், நன்றாக ஒட்டி அடைத்தால் தடுக்கலாம். இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. புற ஊதாக் கதிர் பட்டால் டைட்டானியம் டையாக்சைடு தன்மேல் ஒட்டியிருக்கிற கரிமப் பொருளைச் சிதைக்கும். தானே அழுக்கு நீங்கும் ஜன்னல் கண்ணாடிகளில் இதே பொருளைப் பூசுவது இதே குணத்துக்காகத்தான். பூச்சாயமும் கரிமப் பொருள்தானே. அதை உட்கார வைத்த மேடையே அதைத் தின்கிறது. இதையெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன். படித்ததால்தான் பத்து நிமிடத்தில் அளந்தேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அம்மோனியா ஊற்றாத பாலை மரத்தடியிலேயே நிறுத்துக் கணக்கெழுதிய மாதிரி. ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போது அது கட்டி தட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்?

இதில் என்னை உறுத்துவது எண் சிறியது என்பதல்ல. அரை விழுக்காடு உண்மையான அரை விழுக்காடுதான். தம்பி வீட்டுக் கூரையில் போன வருடம் 5 கிலோவாட் தகடு போட்டார்கள். “அஞ்சுன்னு சொல்லி வித்தான், ஒரு நாள்கூட அஞ்சு வரல,” என்று கைத்தொலைபேசியைக் காட்டிக் குறைபட்டுக்கொண்டே இருந்தான். பங்குனி உச்சி வெயிலில் ஏணி போட்டு ஏறி, தகட்டின் முதுகை அளந்தேன். 61 டிகிரி. தகட்டில் ஒட்டியிருக்கிற எண் 25 டிகிரிக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் படிகச் சிலிக்கான் ஏறக்குறைய 0.4 விழுக்காடு இழக்கும். ஆக 14 விழுக்காடு சூட்டிலேயே போனது. மூன்று மணிக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வருகிற ஊர் வேறு. அவனை ஏமாற்றவில்லை என்று புரியவைக்கத் தகட்டின் விவரத் தாளைத் தேடி எடுத்தேன். அதில் 25 டிகிரி எண்ணுக்குக் கீழேயே இன்னொரு வரிசை இருந்தது: வெயில் 800 வாட், காற்று 20 டிகிரி என்றால் எவ்வளவு வரும் என்று. ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு குறையும் என்று. 25 வருடத்தில் எவ்வளவு தேயும் என்று வருடக் கணக்கில். விற்கிறவன் தாளில் இருக்கிற அளவு நேர்மை என் ஆய்வேட்டில் இல்லையே என்று ஏணியிலிருந்து இறங்கும்போது நினைத்தேன். சரி, அவனை நேர்மையாக்கியது வாங்குகிறவன். பணம் கொடுப்பவன் எப்ப சாகும் என்று கேட்கிறான். என் ஆய்வேட்டை வாங்கியது நூலக அலமாரி.

கரைந்துபோன இன்னொன்று

என் துறைத் தோழி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆராய்ச்சி என்றால் பல்பு எரிய வேண்டுமா என்றார். அவர் சொன்ன உதாரணத்துக்கு என்னிடம் இன்றுவரை முழு பதில் இல்லை. 2009இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு, சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை இதே வெள்ளைப் பொடியில் ஏற்றியது. 3.8 விழுக்காடுதான் கிடைத்தது. படிகம் திரவத்தில் கரைந்து சீக்கிரமே கெட்டது. என் சங்குப்பூவைப் போலத்தான். அதை அன்றே குப்பையில் போட்டிருக்கலாம். 2012இல் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள். 10 விழுக்காட்டை ஒட்டி வந்தது. இன்றைக்கு அந்தக் குடும்பத்து ஆய்வகச் செல்கள் 26 விழுக்காட்டைத் தாண்டி நிற்கின்றன. சங்குப்பூவின் மூத்த பங்காளி சாயச் செல்கூட வீணாகிவிடவில்லை. வீட்டுக்குள் இருக்கும் மங்கல் வெளிச்சத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். லூசானில் ஒரு மாநாட்டு மண்டபத்தின் முகப்பில் வண்ணக் கண்ணாடியாக நிற்கிறது.

தோழி சொன்னது சரிதான். ஆனால் பெரோவ்ஸ்கைட் தப்பித்தது அது ஏன் கரைகிறது என்று யாரோ விடாமல் கேட்டதால். நாங்களோ மங்குஸ்தான் வெளுத்தால் டிராகன் பழத்துக்குப் போனோம், அது வெளுத்தால் சங்குப்பூவுக்கு வந்தோம். பூ மாறியது, கட்டுரை கூடியது, ஆண்டு மதிப்பீட்டில் புள்ளி ஏறியது. இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிலிக்கான் செல் செய்யத் தூய அறை வேண்டும், 800 டிகிரிக்கு மேல் சுடும் உலை வேண்டும், தோலைத் தொட்டால் எலும்புவரை போகிற அமிலத்தைக் கையாளத் தெரிய வேண்டும். எங்கள் கூடத்தில் இருந்தது ஒரு சிறிய சூளை, ஆல்கஹால், ஒட்டும் நாடா. பூவைத் தேர்ந்தெடுத்தது மக்களுக்காக அல்ல. எங்கள் கைக்கு எட்டியது அதுதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே வாரத்தில் தன் கையால் ஒரு மின்கலம் செய்து, அதன் மின்னழுத்தக் கோடு திரையில் வளைவதைப் பார்க்கலாம். என் வாழ்க்கையில் அந்தக் கோடு வளைந்த சாயங்காலத்துக்கு ஈடாக நான் வேறொன்றும் சொல்ல மாட்டேன். அதை அப்படியே எழுதினால் என்ன குறை? எதற்கு நடுவில் அம்மாவை இழுக்க வேண்டும்?

மூன்றாம் வாரம் மாணவியைக் கூப்பிட்டு, அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சுங்கை சிப்புட் பக்கத்துப் பெண். அவள் பாட்டியும் பால்மரம் வெட்டியவர். எடுக்க முடியாது என்றாள்.

“மிஸ், பாரத்துல ‘சமுதாயத்துக்குப் பயன்’னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க.”

பார்த்தேன். இருந்தது. நட்சத்திரக் குறி போட்டு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று. என் காலத்திலும் இருந்திருக்கும். இருவரும் அரை மணி நேரம் அந்தக் கட்டத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவளே எழுதினாள்: ‘சங்குப்பூச் செல் எத்தனை நாளில் செயலிழக்கிறது, எதனால் என்பது தெரியவரும்.’ நான் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் பாரம் திரும்பி வந்தது. கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மை. பயன் போதவில்லையாம். ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்பியிருக்கிறோம்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அவள் 12 செல் செய்துவிட்டாள், இந்தத் தடவை ஓரங்களை ஒட்டி அடைத்து. நான்கு வெறும் வெயிலில், நான்கு புற ஊதாவைத் தடுக்கும் தாளுக்கு அடியில், நான்கு இருட்டுப் பெட்டியில். கூடத்தின் மொட்டை மாடிக்குப் போக மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால், எல்லாம் பாடாங் செராயில் அம்மா வீட்டு ஜன்னல் திண்டில் இருக்கின்றன. சனிக்கிழமை அவள் போய் ஒழுங்காக அளப்பாள். மற்ற நாளில் அம்மா மீட்டரை வைத்து வோல்ட்டை மட்டும் பார்த்து, நாள்காட்டித் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நம்பர். இன்று ஒன்பதாம் நாள். மதியம் வகுப்பில் இருந்தபோது குரல் செய்தி வந்திருந்தது.

“மூணாம் நம்பர் போயிருச்சு. காலையில எட்டு மணிக்கு இருந்துச்சு, பன்னெண்டு மணிக்குப் பாத்தேன், இல்ல. எழுதி வச்சிட்டேன். அப்புறம், பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, மாக்சிக், புளுட் சோத்துக்கு நீலம் ஏத்தப் பூ கேட்டு வந்தாங்க. இந்த மாசம் தர முடியாதுன்னு சொல்லிட்டேன்.”